பழைய தோற்றத்தில் புதிய வானொலிகள்: வாங்குமுன் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது?

மர நிறப் பெட்டி, முன்பக்கம் துணி, இரண்டு பெரிய குமிழ்கள், மஞ்சள் வெளிச்சத்தில் அலைவரிசை எண்கள். கொழும்பு புறக்கோட்டையின் முதலாம் குறுக்குத் தெருவிலும் சரி, யாழ்ப்பாண நகரத்திலும் சரி, மின்சாதனக் கடைகளின் கண்ணாடி அலுமாரிக்குள் இப்போது இப்படியான மேசை வானொலிகளைக் காணலாம். தூர நின்று பார்த்தால் அறுபது வருடத்துக்கு முந்திய வானொலி போலத்தான் இருக்கும். கிட்டப் போய்த் திருப்பிப் பார்த்தால் பின்னுக்கு யு.எஸ்.பி. துவாரமும், மெமரி காட் போடும் வெட்டும், புளூரூத் அடையாளமும் இருக்கும்.

இவற்றை யார் வாங்குகிறார்கள் என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். "வயசான ஆக்களுக்குக் குடுக்கத்தான் கூட எடுக்கினம். வெளிநாட்டில இருந்து பிள்ளையள் காசு அனுப்பும், இஞ்ச இருக்கிற ஆக்கள் வந்து வாங்குவினம்" என்றார். நான் போனதும் அப்படித்தான். கனடாவில் இருக்கும் மாமா அழைப்பெடுத்து, "பிள்ளை, அந்தக் காலத்து றேடியோ மாதிரி ஒண்டு பார்த்து அம்மம்மாவுக்கு வாங்கிக் குடு. காசைப் பற்றி யோசிக்காத" என்று சொல்லியிருந்தார். அம்மம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கிளிநொச்சியில் சித்தியோடு இருக்கிறார். 2009 இன் தொடக்கத்தில் கிட்ட விழுந்த ஷெல்லுக்குப் பிறகு அவருக்கு இடது காது கேட்பதில்லை. வலது காதும் இப்போது குறைந்து வருகிறது.

காசைப் பற்றி யோசிக்காவிட்டாலும் காதைப் பற்றி யோசிக்கத்தானே வேண்டும். மூன்று கிழமைகளில் ஆறு வானொலிகளைத் திருப்பிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், கேட்டுப் பார்த்தேன். இதே தேவையோடு கடைக்குப் போகிறவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் கவனித்தவற்றை எழுதுகிறேன்.

முதலில் தோற்றம். பழைய வானொலிகளின் அழகில் பெரும்பகுதி தேவையால் வந்தது. வால்வு வானொலிக்குள் கண்ணாடிக் குழாய்கள் சூடாகி எரியும். அந்தச் சூடு வெளியேற இடம் வேண்டும் என்பதால் பெட்டி பெரிதாக இருந்தது, பின்பலகையில் துளைகள் இருந்தன. ஸ்பீக்கருக்கு முன்னால் துணி போட்டதற்குக் காரணம், துணி தூசியைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. நீளமான கண்ணாடி டயலில் லண்டன், ஹில்வர்சம் என்று நகரங்களின் பெயர்களை அச்சிட்டார்கள். எண்ணை நினைவில் வைப்பதைவிட ஊரின் பெயரை நினைவில் வைப்பது சுலபம். சில வானொலிகளில் பச்சையாக ஒளிரும் ஒரு சின்னக் குழாய் இருந்தது. மந்திரக் கண் என்பார்கள். நிலையம் சரியாகப் பிடிபடும்போது அதிலுள்ள நிழல் ஒடுங்கும். கண்ணால் பார்த்துக்கொண்டே காதுக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தலாம்.

இங்கிலாந்தில் 1934 இல் வந்த எக்கோ ஏ.டி. 65 என்ற வானொலி முழு வட்டமாக இருக்கும். வெல்ஸ் கோட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. நடுவில் வட்டமான ஸ்பீக்கர், அதற்கு மேலே அரைவட்ட டயல், பேக்லைற்றில் வார்த்த வட்டப் பெட்டி. உள்ளே இருப்பதன் வடிவத்தையே வெளியேயும் எடுத்துக்கொண்டார். பிறகு 1954 இல் அமெரிக்காவில் முதலாவது டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. சூடு போயிற்று, பெட்டி சுருங்கியது, கைபிடி முளைத்தது. 1959 இன் புஷ் டி.ஆர். 82 ஐப் படத்தில் பார்த்தால் உங்களுக்கே அடையாளம் தெரியும். மேலே கைபிடி, முன்னே பெரிய வட்ட டயல். இன்றைக்கு 'ரெட்ரோ' என்று விற்கப்படுகிற பெட்டிகளில் பாதி அதன் பேரப்பிள்ளைகள். மற்றப் பாதி 1940 களின் மரப்பெட்டியையும் 1950 களின் வெள்ளி விளிம்பையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியவை.

கலக்கட்டும், அதில் எனக்குக் குறையில்லை. நான் பார்ப்பது வேறு: இந்த உறுப்புகளில் எது இன்னும் வேலை செய்கிறது, எது வெறும் பூச்சு? ஆறில் இரண்டில் பச்சைக் கண் இருந்தது. இரண்டிலும் அது வெறும் எல்.ஈ.டி. விளக்கு. நிலையம் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரே மாதிரி எரியும். ஒன்றில் நான்கு குமிழ்கள், அவற்றில் இரண்டு சுற்றவே சுற்றாது. ஒட்டியிருக்கிறார்கள். ஒன்றில் மரம் என்று சொன்னது மரப் படம் அச்சிட்ட தாள். மூலையில் நகத்தால் சுரண்டினால் கிளம்பும். கடைக்காரர் பார்க்காத நேரத்தில் சுரண்டிப் பாருங்கள்.

டயலையும் ஒருமுறை மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். பழைய வானொலியில் குமிழைச் சுற்றினால் உள்ளே நூல் இழுபட்டு முள் நகரும். இரைச்சலுக்குள் இருந்து குரல் மெல்ல மெல்ல எழுந்து வரும். இப்போதைய மலிவான பெட்டிகளில் குமிழ் இருந்தாலும் உள்ளே வேலை செய்வது ஒரு சிப். சுற்றும்போது சத்தம் படிப்படியாக வராது. டக்கென்று மௌனம், டக்கென்று நிலையம். அதில் தவறில்லை, நன்றாகப் பிடிக்கும் சிப்புகளும் இருக்கின்றன. ஆனால் முள் 98 இல் நிற்கும்போது உள்ளே 99 பாடினால் வயதானவர் எதை நம்பித் தேடுவது? தெரிந்த ஒரு நிலையத்தை வைத்து, முள்ளும் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

இவ்வளவும் சொன்னாலும், எங்களில் பலருக்கு 'பழைய வானொலி' என்றால் இந்த மரப்பெட்டி அல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை யாரோ ஒருவருடைய ஞாபகத்தைப் பற்றியதாகிவிடும். 1990 இல் தொடங்கி யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல வருடங்கள் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் ஒன்று. எங்கள் வீட்டு வானொலிக்குப் பின்மூடி இல்லை. உள்ளேயிருந்து இரண்டு வயர்கள் வெளியே வந்து சைக்கிள் டைனமோவுக்குப் போகும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். எனக்கு அப்போது நான்கு ஐந்து வயது. சுற்றுகிற கை களைத்தால் குரல் தாழ்ந்து இழுபடும், நிலையம் வழுவிப் போகும். "சுத்து, சுத்து, பேர் சொல்லப் போறாங்கள்" என்று யாராவது கத்துவார்கள்.

டைனமோ தருவது ஏறக்குறைய ஆறு வோல்ட், அதுவும் மாறுதிசை மின். வானொலிக்கு நேர்மின் வேண்டும். இடையில் டயோட்டுகளைப் போட்டு அதைச் செய்துகொண்டவர்கள் பௌதிகம் படித்தவர்கள் மட்டுமல்லர், சைக்கிள் கடைக்காரர்களும்தான். தீர்ந்துபோன பற்றரிகளை வெயிலில் வைத்து எடுத்து இன்னும் பத்து நிமிடம் கேட்டவர்களும் இருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கல்வி படிக்கும்போது மார்ஷல் மக்லூகன் 1964 இல் எழுதிய நூலில் வானொலியைப் பழங்குடி முரசு என்று சொன்னதைப் படிப்பித்தார்கள். எனக்கு ஞாபகம் வந்தது முரசல்ல, பெடல்.

அந்தக் காலத்து ஒலித்தரத்துக்கு எங்களிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் இருந்தது: சொன்ன ஊரின் பெயர் விளங்கியதா? குண்டு விழுந்தது எந்த ஊரில், பாதை திறப்பது எந்தப் பக்கத்தால், காயப்பட்டவர்களின் பெயர் என்ன. லண்டனில் இருந்து பி.பி.சி. தமிழோசை, பிலிப்பைன்சில் இருந்து வெரித்தாஸ், திருச்சி வானொலி, புலிகளின் குரல், கொழும்பின் அரச வானொலி என்று மாறி மாறிக் கேட்டு, ஒன்று சொல்லாததை மற்றதில் தேடியவர்கள் நாங்கள். அந்தக் குரல்களுக்குப் பின்னால் இருந்தவர்களும் விலை கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பி.பி.சி.க்குச் செய்தி சொன்ன மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 அன்று ஊரடங்கு நேரத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2007 நவம்பர் 27 அன்று கிளிநொச்சியில் புலிகளின் குரல் நிலையம் விமானக் குண்டுவீச்சுக்கு உள்ளானது. அங்கே பணியாற்றியவர்களும் இறந்தார்கள்.

ஆகவே இந்த மரப்பெட்டியின் ஒலியை மதிப்பிட உட்காரும்போது எனக்கு வேறு யாருடைய அளவுகோலும் தேவைப்படவில்லை. சொல் விளங்குகிறதா?

கடையில் வானொலியைப் போட்டுக் காட்டச் சொன்னால் அநேகமாக என்ன நடக்கும் தெரியுமா? கடைக்காரர் புளூரூத்தில் தன் போனை இணைப்பார். அதிரடியான ஒரு சினிமாப் பாட்டைப் போடுவார். சத்தத்தை முக்கால்வாசிக்குக் கூட்டுவார். "பாருங்கோ பேஸ், வீடே அதிரும்" என்பார். அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் தெரிந்துகொள்ளக்கூடியது ஏறக்குறைய எதுவுமில்லை.

மனிதக் குரலின் அடித்தளம் தாழ்ந்தது. ஆணுக்கு ஏறக்குறைய 120 ஹேர்ட்ஸ், பெண்ணுக்கு 200 ஹேர்ட்ஸ் அளவில். ஆனால் சொல்லை விளங்க வைக்கும் பகுதி அங்கே இல்லை. அது பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையான இடத்தில் இருக்கிறது. 'ச', 'த', 'ப', 'க' போன்ற மெய்யொலிகள் ஒரு நொடியில் சிறு பங்கு நேரமே ஒலிப்பவை, பலமும் குறைந்தவை. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரைதான் கொண்டு சென்றது. அதில் பேஸ் என்று ஒன்றுமே இல்லை. இருந்தும் அதில் எத்தனை நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் தெளிவாக வந்து சேர்ந்தன.

எங்கள் மொழிக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. செய்தி வாசிப்பவர் சொல்லும் 'ல', 'ள', 'ழ' மூன்றும் வேறு வேறாகக் கேட்கின்றனவா என்று பாருங்கள். 'கலை', 'களை' இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில்தான் இருக்கிறது. அந்தப் பகுதியை மழுக்கும் ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றாகிவிடும். (எங்கள் ஆட்களில் பலர் பேச்சில் 'ழ'வை 'ள'வாகச் சொல்லுகிறவர்கள்தான். வாய் சொல்லாவிட்டாலும் காது கண்டுபிடிக்கும்.) ஆறு பெட்டிகளில் மூன்று இந்தச் சோதனையில் தடுமாறின. மூன்றுமே பேஸுக்குப் புகழப்பட்டவை.

ஏன் அப்படி? பழைய வால்வு வானொலியின் சத்தத்தில் ஒரு கனிவு இருந்தது உண்மை. ஆறு, எட்டு அங்குல ஸ்பீக்கர், பின்னால் திறந்த பெரிய மரப்பெட்டி, உயர்ந்த ஒலிகள் சற்றுக் குறைவு. இவை சேர்ந்து தந்த கனிவு அது. இப்போதைய பெட்டிக்குள் இருப்பது இரண்டு அல்லது மூன்று அங்குல ஸ்பீக்கர். அதனால் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் 'பழைய சத்தம்' வேண்டும் என்பதற்காக, அதற்குச் சற்று மேலேயுள்ள பகுதியை மின்னணு முறையில் உப்ப வைக்கிறார்கள். கேட்டவுடன் கனமாக இருக்கும். பத்து நிமிடம் செய்தி கேட்டால் வாசிப்பவர் பானைக்குள் இருந்து பேசுவது போலத் தெரியும்.

காது பாதிக்கப்பட்டவர்களுக்கு இது இன்னும் மோசம். வெடியதிர்ச்சி செவிப்பறையைக் கிழிக்கலாம், உட்காதைப் பாதிக்கலாம். உட்காது பாதிக்கப்படும்போது பெரும்பாலும் முதலில் குறைவது உயர்ந்த ஒலிகள். வயது போவதும் அதையேதான் செய்கிறது. அம்மம்மா அடிக்கடி சொல்லுவார்: "சத்தம் கேக்குது பிள்ளை, என்ன சொல்லுறாங்கள் எண்டுதான் விளங்கேல்ல." அந்த ஒரு வசனத்துக்குள் முழு விஞ்ஞானமும் இருக்கிறது. தாழ்ந்த ஒலிகள் அவருக்குப் போய்ச் சேர்கின்றன. மெய்யொலிகள் போய்ச் சேர்வதில்லை. அதற்கு மேல் பேஸைக் கூட்டினால், பலமான தாழ்ந்த ஒலி பலவீனமான உயர்ந்த ஒலியை மறைத்துவிடும். விளங்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவார்கள், இன்னும் விளங்காது. போரில் காது கெட்ட ஒரு தலைமுறைக்கு, அவர்களின் ஞாபகத்தின் பெயரால், அவர்களுக்கே விளங்காத வானொலியை விற்பது கொடுமையான வேடிக்கை. விற்பவர்களுக்கு அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

எனவே பேஸையும் உயர்ந்த ஒலியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் குமிழ் உள்ள பெட்டியைத் தேடுங்கள். இல்லாவிட்டால் இயல்பாகவே குரல் முன்னுக்கு நிற்கும் பெட்டியைத் தேடுங்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வானொலி காதுகேள் கருவி ஆகாது. பெரியாஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் ஒருமுறை காட்டாமல், சத்தம் கூடின வானொலியைத் தேடி அலைவதில் பிரயோசனமில்லை.

இரண்டு ஸ்பீக்கர், 'ஸ்ரீரியோ' என்று எழுதியிருப்பதற்கு அதிகம் காசு கொடுக்க வேண்டாம். ஒரு சாண் இடைவெளியில் இரண்டு ஸ்பீக்கர் இருந்தால், பத்தடி தள்ளியிருப்பவருக்கு இடம் வலம் பிரிந்து கேட்காது. ஒரு காது மட்டும் கேட்பவருக்கு அதனால் எந்தப் பயனுமில்லை. அந்தக் காசுக்கு நல்ல ஸ்பீக்கர் ஒன்று மேல். இதற்கு உதாரணமாக உலகம் முழுவதும் சொல்லப்படுவது ஹென்றி குளோஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்து 2000 ஆம் ஆண்டில் வந்த டிவோலி மொடல் வண். ஒரேயொரு மூன்றங்குல ஸ்பீக்கர், மரப்பெட்டி, ஒரு பெரிய டயல், எப்.எம்., மத்திய அலை. வேறொன்றுமில்லை. அந்த டயலில் பற்சக்கரம் வைத்திருக்கிறார்கள். குமிழை ஐந்து சுற்றுச் சுற்றினால்தான் உள்ளே ஒரு சுற்று நகரும், அதனால் நிலையத்தை நுணுக்கமாக நிறுத்தலாம். குளோஸ் 1960 களிலேயே கே.எல்.எச். நிறுவனத்தில் இதே மாதிரி மேசை வானொலிகளைச் செய்தவர். ஆகவே இதில் தெரியும் பழைய பாணி கடன் வாங்கியது அல்ல, அவருடையதே. லண்டனில் இருந்து திரும்பி வந்த நண்பர் ஒருவரின் கொழும்பு வீட்டில் இதைக் கேட்டிருக்கிறேன். குசினியில் நின்றும் செய்தியின் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விலை எங்கள் கைக்கு எட்டாதது. அளவுகோலாக மனதில் வைத்துக்கொண்டேன்.

பெட்டியைப் பற்றி: விரல் முட்டியால் மேலும் பக்கத்திலும் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று அடங்கிய சத்தம் வந்தால் நல்லது. 'டங்' என்று வெறுமையாக ஒலித்தால், ஸ்பீக்கர் பாடும்போது பெட்டியும் கூடச் சேர்ந்து பாடும். கையில் தூக்கினால் ஒரு பாரம் இருக்க வேண்டும். அமுக்கிய மரத்தூள் பலகை என்றாலும் பரவாயில்லை, மெல்லிய பிளாஸ்டிக்கைவிட நல்லது. பிறகு தவிலோடு நாதஸ்வரம் ஒன்றைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டுங்கள். தவிலுக்கு ஒட்டிய வெள்ளி விளிம்புகள் கிலுகிலுக்கின்றனவா, நாதஸ்வரம் காதைக் கீறுகிறதா என்பது உடனே தெரியும். அதன் பிறகு செய்திக்கு மாற்றி, சத்தத்தை மிகவும் குறைத்து, ஐந்தாறு அடி தள்ளி நின்று கேளுங்கள். குறைந்த சத்தத்தில் சொல் விளங்கும் வானொலிதான் நல்ல வானொலி. இரவு பத்து மணிக்குப் பக்கத்து அறையில் பிள்ளைகள் படுத்திருக்கும்போது எந்த அளவில் கேட்போமோ, அந்த அளவில்தான் சோதிக்க வேண்டும்.

பெட்டியில் '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று அச்சிட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். யு.எஸ்.பி. வயரால் ஐந்து வோல்ட், ஒரு அம்பியர் எடுக்கும் பெட்டிக்குள் போவதே ஐந்து வாட். ஐந்து போன இடத்தில் ஆயிரம் எப்படி வெளியே வரும்? வீட்டு அறைக்கு உண்மையான மூன்று வாட்டே தாராளம்.

ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் நிலையம் பிடிக்காவிட்டால் அது அழகான மரப்பெட்டி மட்டுமே. புளூரூத்தில் கேட்பது உங்கள் போனின் சத்தத்தைத்தான். அதை வைத்து வானொலியை மதிப்பிட முடியாது. எப்.எம். பிடிப்பதற்குக் கம்பியை நீட்டிப் பாருங்கள். மத்திய அலைக்கு அந்தக் கம்பி உதவாது. பெட்டிக்குள் செப்புக்கம்பி சுற்றிய ஒரு கரிய பெரைற் கம்பி இருக்கும், அதுதான் வாங்கும். அதனால்தான் மத்திய அலையில் வானொலியையே திருப்ப வேண்டியிருக்கிறது. அந்த நாட்களில் பெரியவர்கள் வானொலியைத் தூக்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, கிணற்றுக் கட்டில் வைத்து, யன்னலில் வைத்துப் பார்த்தது அதற்குத்தான்.

மத்திய அலையில் திருச்சி இன்றும் 936 கிலோஹேர்ட்ஸில் பிடிக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டால், கடைக்குள் வைத்துப் பார்க்காதீர்கள். எல்.ஈ.டி. பல்புகளும் போன் சார்ஜர்களும் மத்திய அலையில் பெரும் இரைச்சலைக் கிளப்பும். தகரக் கூரை சமிக்ஞையைத் தடுக்கும். வாசலுக்குக் கொண்டு போய், சார்ஜரைக் கழற்றி, பற்றரியில் போட்டுப் பாருங்கள். வீட்டிலும் இதே கதைதான். நிலையம் கெட்டுவிட்டது என்று நினைப்போம், கெட்டது பக்கத்தில் செருகியிருக்கும் சார்ஜர்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. பல பெட்டிகளின் டயலில் சிற்றலையும் இருக்கிறது. மாமா அதைப் படத்தில் பார்த்துத்தான் ஆசைப்பட்டார். "தமிழோசை கேக்கலாம் போல" என்றார். தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் முடிவோடு நின்றுவிட்டது. 1941 இல் தொடங்கிய சேவை. முள் அந்த இடத்துக்குப் போகும், குரல் வராது. அம்மம்மாவுக்கு இது தெரியும். மாமாவுக்குத்தான் தெரியவில்லை. சிற்றலைக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

மின்சாரத்தையும் யோசியுங்கள். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்தார்கள். போனும் இறந்துபோன அந்த இரவுகளில் பலர் பழைய வானொலியைத் தேடி எடுத்தார்கள். வீட்டுக் கரண்டில் மட்டும் வேலை செய்யும் அழகுப் பெட்டி எங்கள் ஊருக்குச் சரிவராது. உள்ளே பூட்டிய சார்ஜ் பற்றரி என்றால் அதைக் கழற்றி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் அது களைத்துவிடும். கடையில் வாங்கக்கூடிய சாதாரணப் பற்றரியும் போடலாம் என்றால் இன்னும் நல்லது. கனநாள் பாவிக்காவிட்டால் பற்றரியைக் கழற்றி வையுங்கள், கசிந்து தகட்டை அரித்துவிடும்.

கடைசியில் நான் வாங்கியது ஆறிலும் அழகு குறைந்தது. மரம் போன்ற பெட்டி, ஒரே ஸ்பீக்கர், முன்பக்கம் துணி. பச்சைக் கண் இல்லை. கைபிடி உண்டு. பேஸைக் குறைக்கும் குமிழ் உண்டு. புளூரூத் போடும்போது ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ கத்தும், அதை நிறுத்த வழியில்லை. மாமாவுக்குப் படம் அனுப்பினேன். "இதைவிட வடிவானது இல்லையா?" என்று கேட்டார். அம்மம்மா துணியைத் தடவிப் பார்த்தார், டயலைச் சுற்றினார், வலது காதைக் கிட்டக் கொண்டு வந்தார். செய்தி போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "முல்லைத்தீவில மழையாம்" என்றார்.

வானொலியை அவருடைய வலப்பக்கம், விசிறியில் இருந்து தள்ளி, சுவரோடு ஒட்டாமல் வைத்தோம். சுவர் மூலையில் வைத்தால் பேஸ் தானாகவே கூடிவிடும். டயலின் எண்கள் அவர் கண்ணுக்குச் சின்னன். அவர் கேட்கும் மூன்று நிலையங்கள் வரும் இடத்தில், கண்ணாடியின் மேல் கியூட்டெக்ஸால் மூன்று சிவப்புப் புள்ளி வைத்துவிட்டேன். காலையில் முதலாவது புள்ளி, மத்தியானம் இரண்டாவது. மூன்றாவதில் இரவு பழைய பாட்டுப் போகிறது.